பவுனு கொண்டு வந்த கோழிக்கொழம்பு

ஆளுக்கொரு பதார்த்தம் செஞ்சு கொண்டு வரணும்னு சொன்னது நான் இல்லம்மா. ஜெசிந்தா. நான் எங்க வீட்ல வச்சுக்கலாம்னு மட்டுந்தான் சொன்னேன். அவ மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, மொத்தச் சமையலையும் நானே பாத்திருப்பேன். எல்லாரும் வந்து உக்காந்து சாப்பிட்டுப் போயிருப்பாளுக. இன்னைக்கு இந்த பஸ்ஸுல மொகந்தெரியாத பொண்ணு உன்னையப் போட்டுச் சங்கடப்படுத்திக்கிட்டு இருக்க மாட்டேன்.

நீ கேட்டதுனால சொல்றேன். “ஏன்க்கா, உடம்பு சரியில்லையா”ன்னு நீயாத்தானே கேட்டே. உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. நீ திண்டுக்கல் வரைக்குமா? நானும் அங்கதான். அங்க எந்தப் பக்கம்? யாரு வீடு? சரி சரி, சொல்ல வேணாம். தெரிஞ்சவங்களா இருக்குமோன்னு சும்மா கேட்டேன். வேற ஒண்ணுமில்ல.

எம் பேரு தமயந்தி. பெரியகுளத்துல கேர்ள்ஸ் ஸ்கூல்ல ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சேன். அங்க நாங்க அஞ்சு பேரு ஒரு செட்டு. ஜெசிந்தா, வகிதா, பூங்கோதை, பவுனுத்தாயி, நான். ஸ்கூல் முடிஞ்சதும் ஆளுக்கொரு தெசையாப் போயிட்டோம். கல்யாணம், புள்ளகுட்டி, அவங்க படிப்புன்னு முப்பது வருசத்துக்கு மேல ஓடிருச்சு. போன வருசந்தான் ஜெசிந்தா எல்லார் நம்பரையும் தேடிப் பிடிச்சு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சா. அதுல பேசிப் பேசி, நேர்ல பாக்கணும் பாக்கணும்னு ஆகி, காணும் பொங்கல் அன்னைக்கு எங்க வீட்லன்னு முடிவாச்சு. எங்க வீடுதான் பெருசு. மேல கீழ ரெண்டு மாடி. பழைய தரையப் பேத்துப் புதுசா மார்பிள் போட்டிருக்கோம். அதுக்காகச் சொல்லல, எடம் வசதின்னு சொல்றேன்.

யாரு யாரு என்ன கொண்டு வர்றதுன்னு நாந்தான் பிரிச்சு விட்டேன். வீட்டுக்காரி நாந்தானே. வகிதாவுக்கு பிரியாணி. ஜெசிந்தாவுக்கு மீன் வறுவல். பூங்கோதைக்கு தயிர்சாதமும் ஊறுகாயும், அவ சைவம். நான் சாம்பார், கூட்டு, பாயாசம். பவுனுக்கு மட்டும், “நீ ஒண்ணும் செய்ய வேணாண்டி. பேப்பர் தட்டும் டம்ளரும் வாங்கிட்டு வந்துரு, போதும்”னு போட்டேன்.

எதுக்கு அப்படிப் பாக்குற? அவளுக்குச் செரமம் குடுக்க வேணாம்னுதாம்மா. தேனி கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில நர்சுக்கெல்லாம் மேல அவ. சூப்பிரண்டு. காலும் கையும் ஓயாத வேலை. காணும் பொங்கலுக்கு லீவு கெடைக்கிறதே பெரிய விசயம். வேலை பாக்குற பொம்பளைய எதுக்கு அடுப்படில நிக்க விடணும்? வகிதாகூட டீச்சர்தான். ஆனா டீச்சருக்கு லீவு உண்டே.

பவுனைப் பத்தி உனக்குச் சொல்லணும். அவ வீடு எங்க ஊருக்கு மேக்க, தள்ளித் தனியா இருக்கும். காலனி. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன், உனக்கே புரியும். நான் அதெல்லாம் பாக்குறவ இல்ல. பாக்குறவளா இருந்தா அவகூட ஒரே பெஞ்சுல உக்காந்திருப்பேனா? உசரம் பாத்து டீச்சர்தான் உக்கார வச்சாங்க. இருந்தாலும், என்னைய மாத்தி உக்கார வைங்கன்னு நான் போய் நிக்கலையே.

இன்னொண்ணும் சொல்றேன் கேளு. அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி தேனில ஒரு கல்யாணத்துக்குப் போன எடத்துல எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்துருச்சு. அந்த ஆஸ்பத்திரிலதான் சேத்தோம். எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. யாரோ ஒரு நர்சம்மா வந்து, “நீ தமயா இல்ல?”ன்னு தோளப் பிடிக்கிறாங்க. பாத்தா பவுனு. அன்னைக்கிருந்து டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் அவர அவதான் பாத்துக்கிட்டா. கஞ்சிகூட அவ வீட்லருந்து வச்சுக் கொண்டு வந்தா. நாங்க வாங்கிக் குடிச்சோம்மா. அவரும் குடிச்சாரு, நானும் குடிச்சேன். ஏதாச்சும் சொன்னோமா? எங்க சொந்தத்துல ஒரு ஆளுக்கும் இது தெரியாது, நாங்களும் சொல்லிக்கல. சொல்றதுக்கு அதுல என்ன இருக்கு?

சரி, அன்னைக்கு நடந்ததச் சொல்றேன்.

பொங்கலுக்கு எங்க பெரிய மதினி வந்திருந்தாங்க. எங்க வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. அவங்க ஒரு தினுசு. வாயத் தெறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பாத்தே சொல்லிருவாங்க. அவங்க மாட்டுப் பொங்கலோட கெளம்பிருவாங்கன்னு நெனச்சேன். கெளம்பல. ஹால்ல சோபால உக்காந்துட்டாங்க.

மொதல்ல வகிதா வந்தா, பிரியாணி அண்டாவோட, ஆட்டோல. பின்னாடியே ஜெசிந்தா, பூங்கோதை. ஒரே கூச்சல். ஒருத்திய ஒருத்தி கட்டிப் பிடிக்கிறதும், நீ இப்படி குண்டாயிட்டியேங்கிறதும், உனக்கு முடி இப்படிக் கொட்டிருச்சேங்கிறதும். அம்பது வயசு தாண்டுன பொம்பளைகன்னு எவளும் சொல்ல மாட்டா. கடைசியாத்தான் பவுனு வந்தா. நல்ல மயில் கழுத்துக் கலர்ல பட்டுச் சேலை. ஒரு கைல பேப்பர் தட்டு, டம்ளர் கட்டு. இன்னொரு கைல பெரிய எவர்சில்வர் தூக்குவாளி.

“என்னடி இது?”ன்னேன்.

“நாட்டுக்கோழிக் கொழம்புடி. தட்டை மட்டும் தூக்கிட்டு வர்றதுக்கு எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. எம் பொண்ணும் நானும் சேந்து வச்சோம். மசாலா எல்லாம் கையால அரைச்சது.”

தூக்குவாளிய எங்கிட்ட குடுத்துட்டு, “அண்ணன் எங்க?”ன்னு கேட்டா. எங்க வீட்டுக்காரரு, பொம்பளைக கூட்டத்துல நமக்கென்ன வேலைன்னு மாடில இருந்தாரு. இவ விறுவிறுன்னு மேல போயி, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா, நடக்குறீங்களான்னு அவரப் பிடிச்சு வெரட்டிட்டு வந்தா. அவரும் சின்னப் புள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டு பதில் சொல்லியிருக்காரு.

அந்த நேரத்துல மதினி எங்கிட்ட கேட்டாங்க. “அந்தப் பிள்ளை எந்தூரு?”

“பெரியகுளம்தான் மதினி.”

“பெரியகுளத்துல எங்க?”

நான் சொன்னேன். சொல்லாம எப்படி இருக்கிறது? அவங்க, “ம்”ன்னாங்க. அவ்வளவுதான். அந்த ஒரு “ம்” போதாதா? எத்தனை வருசமா அவங்களோட பழகுறேன், எனக்குத் தெரியாதா அதுக்கு என்ன அர்த்தம்னு?

நான் தூக்குவாளியத் தூக்கிக்கிட்டு, “ஆறிப் போயிருக்கும், சூடு பண்ணிக் கொண்டாறேன்”னு அடுப்படிக்குப் போனேன். சூடு பண்ணத்தாம்மா எடுத்துட்டுப் போனேன். சத்தியமாச் சொல்றேன். அடுப்பு மேடைல வச்சேன். அதுக்குள்ள வகிதா கூப்பிட்டா, கரண்டி எங்கன்னு. அதுக்கப்புறம் பாயாசத்துக்கு முந்திரி வறுக்கணும். அப்படியே மறந்து போச்சு. மறதிதானேம்மா? உனக்கு மறதி வராதா?

மேசைல எல்லாத்தையும் பரப்பி வச்சோம். பிரியாணி, மீனு, சாம்பார், கூட்டு, தயிர்சாதம், அப்பளம். மேசையே நெறஞ்சு போச்சு. இன்னொரு பாத்திரம் வைக்க எடமே இல்ல, அதையும் சொல்லணும். பவுனு கொண்டு வந்த தட்டுலதான் எல்லாரும் சாப்பிட்டோம். மதினியும் அதுலதான் சாப்பிட்டாங்க. வகிதாவோட பிரியாணிய ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. பாத்தியா, அவங்களே அப்படி ஒண்ணும் மோசமில்ல.

பவுனு ஒரு தரம் மேசைய அந்த மூலைலருந்து இந்த மூலை வரைக்கும் பாத்தா. நான் அதப் பாத்தேன். பாத்துட்டு, “பூங்கோதை, உனக்கு தயிர்சாதம் போடவா?”ன்னு அவகிட்டத் திரும்பிட்டேன். பவுனு மீன் வறுவல் எடுத்துக்கிட்டா. ஜெசிந்தா ஏதோ பழைய கதை சொன்னா, பவுனுதான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சா. சரி, அவளும் மறந்துட்டான்னு நெனச்சேன்.

மறக்கல. கெளம்புற நேரத்துல வந்து, “தமயா, என் தூக்குவாளி”ன்னா.

நான் தலைல கை வச்சேன். “அய்யய்யோ, சூடு பண்ண வச்சேன், அப்படியே மறந்துட்டேன்டி! நீயாவது சொல்லக் கூடாதா? சரி விடு, ராத்திரிக்கு நாங்க சாப்பிட்டுக்கறோம். வாளிய அப்புறமா குடுத்து விடறேன்.”

“இல்ல, அது வீட்டுக்கு வேணும். நீ வேற பாத்திரத்துல ஊத்திக்க, நான் இருக்கேன்”ன்னா. சாதாரணமாத்தான் சொன்னா. கோவம் ஒண்ணும் இல்ல அந்த மொகத்துல.

நான் அடுப்படிக்குள்ள போனேன். பொங்கலுக்கு எல்லாப் பாத்திரத்தையும் தேச்சு அலமாரில கவுத்து வச்சிருந்தேன். அடுக்கடுக்கா. ஒரு குண்டானை எடுத்தேன். அது பால் காய்ச்சுறது, வச்சிட்டேன். இன்னொண்ணு எடுத்தேன். அது வெள்ளிக்கிழமை சாமிக்கு வைக்கிறது. அடுத்தது மதினி சீரா குடுத்தது, அது அவங்க கண்ணுல பட்டா அவ்வளவுதான். பெரிய கிண்ணம் ஒண்ணு இருந்துச்சு, அது ரொம்பப் பெருசு. சின்னது ரொம்பச் சின்னது. அத்தனை பாத்திரம் இருந்தும் ஒண்ணுகூடத் தோதா அமையல பாத்துக்க. வெளில பவுனு நிக்கிறா. நேரமாகுது.

கொழாயத் தெறந்து விட்டேன். தூக்குவாளிய அப்படியே பாத்திரம் கழுவுற தொட்டில கவுத்துட்டேன்.

என்ன வாசனைங்கிற! மசாலா வாசனை அடுப்படி பூராவும் தூக்கி அடிச்சுச்சு. கறி எல்லாம் தொட்டில அப்படியே நின்னுச்சு, எறங்கல. நான் கரண்டியால கறிய வழிச்சு ஒரு கேரி பேக்ல போட்டுக்கிட்டு இருக்கேன். அப்பத்தான் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பினேன்.

பவுனு அடுப்படி வாசல்ல நிக்கிறா.

எவ்வளவு நேரமா நின்னாளோ தெரியல. கொழாய்ச் சத்தத்துல எனக்குக் கேக்கல. அவ தொட்டியப் பாத்தா. என் கையில இருக்கிற பையப் பாத்தா. என்னைப் பாக்கல. நான் வாளியக் கழுவலாம்னு கொழாய்க்குக் கீழ பிடிச்சேன். என் கையாலதாம்மா கழுவப் போனேன், வேலைக்காரிக்கிட்டக் கூடக் குடுக்கல.

“கழுவ வேணாம் தமயா. வீட்ல போய் நான் கழுவிக்கறேன். மூடிய மட்டும் குடு”ன்னா.

குடுத்தேன். வாங்கிட்டுப் போனா. ஹால்ல எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசி, மதினிகிட்டயும் வர்றேன்மான்னு சொல்லிட்டு, போட்டோ எடுக்கணும்னு ஜெசிந்தா இழுத்ததுக்கு நின்னு போட்டோவும் எடுத்துட்டுப் போனா. அந்தப் போட்டோல எம்பக்கத்துலதான் நிக்கிறா. தூக்குவாளிய முந்தானைக்குப் பின்னாடி மறைச்சுப் பிடிச்சிருக்கா.

அவ போயி கொஞ்ச நேரத்துல காப்பி குடிக்கும்போது மதினி கேக்குறாங்க, “ஏன் தமயந்தி, அந்த நர்சுப் பிள்ளை நாட்டுக்கோழி கொண்டு வந்துச்சே, அதக் கண்ணுலயே காட்டல? வாசனை இங்க வரைக்கும் வந்துச்சு.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு! இப்பக் கேக்குறாங்க. சும்மா கேக்குறாங்கம்மா. வச்சிருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? அவங்களுக்குப் பயந்துதானே நான் இவ்வளவும் பண்ணினேன். இல்லன்னா நான் ஏன் பண்ணப் போறேன்? நான் அப்படிப்பட்டவ இல்லையே.

மறுநாள் குரூப்புல பவுனு போட்டிருந்தா. “நல்ல நாள். சாப்பாடு அருமை. நன்றி தமயா”ன்னு, ஒரு பூ படத்தோட. மத்தவளுக எல்லாம் அதுக்குக் கை தட்டுறாளுக. என்னால அந்தப் பூவப் பாக்க முடியலம்மா. திட்டியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். போன் பண்ணுனா எடுக்கல. டூட்டில இருப்பான்னு நெனச்சுக்குவேன். மறுபடி பண்ணுவேன். சோறு எறங்கல. தொட்டிகிட்டப் போய் நின்னாலே அந்த வாசனை இன்னும் அங்கயே நிக்கிற மாதிரி இருக்கு. பெனாயில் ஊத்திக் கழுவிட்டேன், போகல. எங்க வீட்டுக்காரரு வேற, “பவுனு சிஸ்டர் எனக்காகக் கோழி வச்சதாச் சொன்னாங்களே, எங்க?”ன்னாரு. தீந்து போச்சுன்னு சொல்லிட்டேன்.

இப்படியே வச்சுக்கிட்டு இருந்தா நான் செத்துருவேன்னு தோணிருச்சு. அதான் இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ரெண்டு கிலோ ஆப்பிள், ஒரு ஸ்வீட் பாக்ஸ், எல்லாம் நல்ல கடைல வாங்கிட்டு, தேனிக்கு நேர்லயே போயிட்டேன். இப்ப அங்கருந்துதான் வர்றேன்.

கதவத் தெறந்தது அவ மக. நிறைமதின்னு பேரு. கோயம்புத்தூர்ல காலேஜு கடைசி வருசம் படிக்குது, ஹாஸ்டல்ல இருக்கு. லட்சணமான பிள்ளை. நான் இன்னாருன்னு சொன்னதும் மொகமெல்லாம் பூரிச்சுப் போச்சு.

“தமயந்தி ஆன்ட்டியா! உள்ள வாங்க, உக்காருங்க. அம்மா இப்ப வந்துருவாங்க. உங்க வீட்டு ஃபங்ஷனப் பத்தித்தான் அம்மா பேசிக்கிட்டே இருக்காங்க.”

“என்னம்மா சொன்னா?”

“எங்க கொழம்ப எல்லாரும் அடிச்சுப் பிடிச்சுச் சாப்பிட்டீங்களாமே! வாளிய வழிச்சுட்டீங்களாம். நானும் அம்மாவும் விடியக்காலைலருந்து மசாலா அரைச்சோம் ஆன்ட்டி. காலி வாளியப் பாத்ததும் எனக்கு அவ்ளோ சந்தோசம்.”

நான் சிரிச்சேன். சிரிக்கிற மாதிரி ஏதோ பண்ணுனேன். அந்தப் பிள்ளை காப்பி போட்டுக் குடுத்துச்சு. நான் குடிச்சேன். முழுசாக் குடிச்சேன், ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. அத உங்கிட்டச் சொல்லணும்.

பவுனு வந்தா. என்னைப் பாத்துட்டு ஒரு நிமிசம் வாசல்லயே நின்னா. அப்புறம், “வா தமயா, எப்ப வந்தே?”ன்னு செருப்பக் கழட்டிட்டு வந்து உக்காந்தா. மகளப் பாத்து, “அடுப்புல கொழம்பு கொதிக்குதான்னு பாரு”ன்னு உள்ள அனுப்பினா.

நான் மெதுவா ஆரம்பிச்சேன். “பவுனு, அன்னைக்கு நான் சூடு பண்ண எடுத்துட்டுப் போயி…”

“மறந்துட்டே. அதானே?”

“ஆமாடி. சத்தியமா.”

“சத்தியமெல்லாம் பண்ணாத. சாப்பிட உக்காரும்போதே மேசையப் பாத்துட்டேன். கேட்டிருப்பேன். கேட்டா அத்தனை பேருக்கும் அந்த நாளு கெட்டுப் போகும். ஜெசிந்தா எவ்வளவு ஆசைப்பட்டு எல்லாரையும் சேத்தா.” கொரல ஒசத்தாமத்தான் பேசினா. “கொட்டணும்னு முடிவு பண்ணிட்டியே, நான் கெளம்புற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல தமயா?”

“எங்க மதினி இருந்தாங்கடி. உனக்குத் தெரியாது அவங்களப் பத்தி…”

“அந்தம்மாவா கவுத்தாங்க?”

எனக்கு அழுகை வந்துருச்சு. அவ கையப் பிடிச்சேன். “என்னை மன்னிச்சிருடி. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் போயிடறேன்”னேன்.

அவ கேட்டா, “நீ மன்னிப்புக் கேக்க வந்தியா, இல்ல நான் ஒண்ணும் நெனைக்கலன்னு என் வாயால சொல்ல வைக்க வந்தியா?”

ரெண்டும் ஒண்ணுதானேம்மா? நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லு. எனக்கு இன்னமும் வித்தியாசம் பிடிபடல.

அப்புறம் அவ அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, கிட்ட வந்து சொன்னா. “எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யி. எம் பொண்ணு மூணு வருசமா ஹாஸ்டல்ல இருக்கா. வீட்லருந்து ஒரு ஊறுகாகூடக் கொண்டு போக மாட்டா. மத்த பிள்ளைக எல்லாம் கொண்டு வந்து பங்கு வச்சுத் திங்குறாளுகளாம். இவ மட்டும் கடைல மிக்சர் வாங்கிட்டுப் போவா. ஏன்னு நான் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல. அன்னைக்கு நீங்க எல்லாரும் வழிச்சுத் தின்னதா நான் சொன்னதுக்கப்புறம், ‘அம்மா, நானும் ரூம்ல எல்லாருக்கும் கொண்டு போறேன்’னா. இன்னைக்குச் சாயந்திரம் கெளம்புறா. அதுக்குத்தான் உள்ள கொழம்பு கொதிக்குது. அத மட்டும் கெடுத்துறாத தமயா. நான் சொன்ன பொய்ய நீயும் சொல்லிட்டுப் போ. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

இவ்வளவுதானா கேக்குறான்னு எனக்கு உசிரே வந்துச்சு. அதுக்கென்ன, ஆயிரம் தரம் சொல்றேன்னேன்.

நிறைமதி வெளில வந்துச்சு, கைல கரண்டியோட. நான் முந்திக்கிட்டேன். “ஏம்மா, உங்க கொழம்பு இருக்கே, அடடா! நான் என் சென்மத்துல அப்படிச் சாப்பிட்டதில்ல.”

“நெசமாவா ஆன்ட்டி? காரம் ஜாஸ்தி இல்லையே?”

“இல்லவே இல்ல. அளவா இருந்துச்சு.”

பவுனு என்னையப் பாத்தா. போதும், நிறுத்துங்கிற மாதிரி. அப்பவே நான் நிறுத்தியிருக்கணும். எனக்குத்தான் ஆர்வம். அந்தப் பிள்ளை மனசு குளிரட்டும்னு நெனச்சேன். நல்லதுதானே நெனச்சேன்?

“உப்பு இருக்கு பாரு, உப்பு, ஒரு கல்லு கூடவும் இல்ல கொறையவும் இல்ல. அதான் உங்கம்மா கைப்பக்குவம். மூடியத் தெறந்தோம், அப்படியே சோத்துல ஊத்திப் பெசஞ்சோம்”னு சொன்னேன்.

அந்தப் பிள்ளை சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு, சிரிப்பு சட்டுன்னு நின்னுச்சு.

“அப்படியேவா ஆன்ட்டி? அதுல உப்பே போடலியே. அங்கிளுக்கு ஹார்ட்டுக்கு ஆகாதுன்னு அம்மா உப்பில்லாமத்தான் வச்சாங்க. அவருக்குத் தனியா எடுத்து வச்சதுக்கப்புறம் மத்தவங்களுக்கு அங்க போய்ப் போட்டுக்கலாம்னு…”

“நாந்தான் அங்க போய் போட்டேன்டி”ன்னு பவுனு சொல்றா. அதே நேரத்துல நான், “ஆமாமா, நாந்தான் போட்டேன், மறந்தே போச்சு”ங்கிறேன். ரெண்டு பேரும் ஒரே மூச்சுல.

அந்தப் பிள்ளை அவங்கம்மா மொகத்தப் பாத்துச்சு. அப்புறம் என் மொகத்தப் பாத்துச்சு. மறுபடியும் அவங்கம்மாவப் பாத்துச்சு. அதுக்கு என்னமோ ரொம்ப நாளாத் தெரிஞ்ச விசயத்த யாரோ மறுபடியும் சொன்ன மாதிரி இருந்துச்சு அந்த மொகம்.

உள்ள போச்சு. அடுப்ப அமத்துற சத்தம் கேட்டுச்சு. அங்கருந்தே சொல்லுச்சு, “அம்மா, கொழம்பு கட்ட வேணாம். பஸ்ஸுல கொட்டிரும்.”

பவுனு என்னைத் திட்டலம்மா. எந்திரிச்சா, உள்ள போயிட்டா. ஆப்பிளும் ஸ்வீட் பாக்ஸும் பைல அப்படியே இருந்துச்சு, எடுத்து ஸ்டூல் மேல வச்சேன். “போயிட்டு வர்றேன் பவுனு”ன்னேன். செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

பஸ்ல ஏறுனதுலருந்து அதேதான் ஓடுது மனசுல. அந்தப் பிள்ளை மொகம் போக மாட்டேங்குது. ஹாஸ்டல் போயி அந்தப் பிள்ளைகளோட உக்காந்து எப்படிச் சாப்பிடும்? இதுக்குக் காரணம் நாந்தானே? நாந்தான். யாரு இல்லன்னா? அந்தக் கொழாய்கிட்ட நின்னேன்ல, வாசனை மூக்க அடைச்சுச்சுல்ல, கரண்டி வேற கையில இருந்துச்சு. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு தொட்டு நாக்குல வச்சுப் பாத்திருந்தேன்னா, பொய்யாவது ஒழுங்காச் சொல்லியிருப்பேன்ல?